நாடி காட்டும் திரை

நாள்தோறும் இரவில் தம் கணினியை முறையாக அணைத்துவிட்டு உறங்கச் செல்லும் ஒருவர், ஏதோ ஒரு காரணத்தால் டாஸ்க் மேனேஜர் என்னும் கண்காணிப்புக் கருவியைத் திறந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் கணினி எவ்வளவு காலமாக இடைவிடாமல் இயங்கிவருகிறது என்பதைத் தெரிவிக்கும் வரி ஒன்று உண்டு. நேற்று இரவு தம் கையாலேயே அணைத்த அந்த இயந்திரம் பன்னிரண்டு நாளாக ஓடிக்கொண்டிருப்பதாக அந்த வரி காட்டினால், தம் ஞாபகத்தை நம்புவதா, கண்ணெதிரே இருக்கும் எண்ணை நம்புவதா என்று அவர் மயங்குவது இயல்பே.

இரண்டையுமே நம்பலாம். 2012-ல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, மறுநாள் விரைவாக விழித்தெழ வேண்டும் என்பதற்காக அந்த இயங்குதளம் ஓர் உபாயத்தைக் கையாண்டு வருகிறது. 'ஷட் டவுன்' என்று நாம் கட்டளையிடும்போது, நாம் திறந்து வைத்திருந்த நிரல்களையெல்லாம் அது மூடிவிடுகிறதே தவிர, கர்னல் என்னும் தன் உட்கருவை மூடுவதில்லை. அதன் அப்போதைய ஸ்திதியை அப்படியே வட்டில் எழுதிவைத்துவிட்டு, காலையில் அதை எடுத்துப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. 'ரீஸ்டார்ட்' என்று சொன்னால்தான் எல்லாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பமாகும். ஆகவே கர்னலின் கணக்கில் பன்னிரண்டு நாள் என்பது சத்தியம். இரவு தோறும் அணைத்தவரின் கணக்கில் அது பிரத்தியட்சத்துக்கு விரோதமானது.

இத்தகைய சந்தேகத்தோடு வருகிறவருக்கு, விஷயம் தெரிந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் விடை ஒன்றுதான்: எண் சரியாகவே இருக்கிறது, அதன் பொருள்தான் உமக்கு விளங்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த விடையில் உண்மை இருக்கலாம்; நியாயம் இல்லை. ஓர் எண்ணும் அதன் தலைமேல் ஒரு பெயரும் திரையில் எழுதப்படுவது, படிக்கிறவர் அதைக்கொண்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தானே? நிதானபுத்தியுள்ள ஒருவர் அந்தப் பெயரைப் படித்து நேர்மையாகக் கொள்ளும் பொருள் ஒன்றாகவும், நிரலை எழுதியவர் கருதிய பொருள் வேறொன்றாகவும் இருக்குமானால், பிழை எழுதிய இடத்தில் இருக்கிறது என்பதே என் துணிபு. கண்காணிப்பு மென்பொருள்களின் நாற்பதாண்டுச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கும்போது, "இது தப்பாகக் காட்டுகிறது" என்று சாமானியர் சொன்ன முறையீடுகளில் மிகப் பல, ஏதோ ஒரு விதத்தில் சரியாகவே இருந்திருக்கின்றன.

கணினி ஒரு மூடிய பெட்டி. உள்ளே எத்தனை நிரல்கள் ஓடுகின்றன, அவற்றுள் எது செயலியைத் தன்வசப்படுத்திக்கொண்டிருக்கிறது, நினைவகத்தில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது, எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பவற்றை வெளியிலிருந்து பார்த்து அறிய வழியில்லை. வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதுபோல, இயங்குதளம் தனக்குள் எழுதிவைக்கும் கணக்குகளைக் கணத்துக்குக் கணம் படித்து நமக்குக் காட்டுவதற்கென்றே தனி நிரல்கள் தோன்றின. யூனிக்ஸ் உலகில் வில்லியம் லெஃபேவ்ர் 1984-ல் எழுதிய 'டாப்' அவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. மைக்ரோசாஃப்ட்டில் பணியாற்றிய டேவ் ப்ளம்மர் தம் வீட்டில் சொந்த முயற்சியாக எழுதத் தொடங்கிய டாஸ்க் மேனேஜர், 1996-ல் விண்டோஸ் என்.டி. 4.0-வுடன் வெளிவந்து, கணினி 'ஹேங்' ஆகிவிட்டால் கோடிக்கணக்கானவர்களின் விரல்கள் தாமாகவே தேடிச் செல்லும் இடமாயிற்று. 2004-ல் பிரேசில் நாட்டவரான ஹிஷாம் முஹம்மத் எழுதிய 'எச்டாப்', டாப் காட்டிய எண்களையே வண்ணப் பட்டைகளாகவும் வரைந்து காட்டியது.

இவை காட்டும் எண்களில், நினைவகக் கணக்கைப்போல் ஜனங்களைக் கலவரப்படுத்தியது வேறொன்று இல்லை. லினக்ஸ் சர்வர் ஒன்றை முதன்முதலாகத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டவர், சில நாள் கழித்து 'ஃப்ரீ' என்னும் கட்டளையைத் தட்டிப் பார்த்து, எட்டு ஜிபி ரேமில் பெரும்பகுதி செலவாகிவிட்டதென்றும் மிச்சம் சில நூறு எம்பிதான் என்றும் திரை சொல்வதைக் கண்டு, புதிதாக ரேம் வாங்குவதற்கு விண்ணப்பம் எழுதத் தொடங்குவது வழக்கமாக நடந்துவந்த காரியம். உண்மையில் அங்கே யாதொரு பற்றாக்குறையும் இராது. வெறுமனே கிடக்கும் நினைவகத்தை வீணான நினைவகம் என்று கருதுவது லினக்ஸ் கர்னலின் சுபாவம். வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை, மறுபடியும் எவரேனும் கேட்கக்கூடும் என்று காலி இடத்திலேயே நிறுத்திவைத்துக்கொண்டு, வேறொரு நிரலுக்கு இடம் தேவைப்படும்போது அதை விட்டுக்கொடுத்துவிடுகிறது. அறுவடைக் காலத்தில் வீட்டுக் கூடத்தில் நெல் மூட்டைகளை அடுக்கிவைத்திருக்கும் குடியானவர், விருந்தாளி வந்துவிட்டால் மூட்டையை நகர்த்திப் பாய் விரிக்கிறார். அந்தக் கூடத்தை இடமில்லாத கூடம் என்று சொல்வோமா? ஃப்ரீ கட்டளை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அனுபவஸ்தர்கள் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். முதல் வரியைப் பார்க்காதே, இவ்வாறு நிறுத்திவைத்த கேஷ் முதலியவற்றைக் கழித்துக் காட்டும் இரண்டாம் வரியைப் பார், அல்லது மிச்சத்தையும் கேஷையும் கூட்டிக்கொள் என்பார்கள். கேட்டவர் வெட்கத்தோடு திரும்பிவிடுவார். ஆனால் காலப்போக்கில் அந்தச் சூத்திரமே தவறாகிவிட்டது என்பதுதான் இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய பகுதி. நிரல்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் நினைவகம், நினைவகத்திலேயே அமைக்கப்படும் தற்காலிகக் கோப்பகங்கள் ஆகியவையும் கேஷ் என்ற தலைப்பின் கீழேயே வந்து சேர்ந்தன; இவை கேட்டவுடன் விட்டுக்கொடுக்கக் கூடியவை அல்ல. ஆகவே கூட்டிப் பார்த்துத் தைரியமாக இருந்தவர்களும் ஏமாறக்கூடிய நிலை உண்டாயிற்று. கடைசியில், புதிதாக ஒரு நிரலைத் தொடங்கினால் அதற்கு எவ்வளவு நினைவகம் உண்மையாகவே கிடைக்கும் என்பதைக் கர்னலே மதிப்பிட்டுச் சொல்லிவிடும்படி ரிக் வான் ரீல் என்பவர் ஒரு மாற்றத்தை எழுதினார். அது 2014 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 3.14-ல் இடம்பெற்றது. அதே ஆண்டில் ஃப்ரீ கட்டளையும் குழப்பம் தந்த இரண்டாம் வரியை நீக்கிவிட்டு, 'அவெய்லபிள்' என்று ஒரு புதிய பத்தியைச் சேர்த்துக்கொண்டது. எவ்வளவு மிச்சம் என்று புதியவர்கள் ஆதியிலிருந்து கேட்டுவந்தது இந்த எண்ணைத்தான். இருபதாண்டுக் காலம் அவர்களுக்கு விளக்கம் கொடுக்கப்பட்டது. அவர்கள் கேட்ட எண் கொடுக்கப்படவில்லை.

விண்டோஸிலும் இதே பாடம் வேறு உருவில் நடந்தது. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா, காலி நினைவகத்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளும் பழக்கமுடையது. அதன் டாஸ்க் மேனேஜர் 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு எதிரே மிகச் சிறிய எண் ஒன்றைக் காட்ட, விஸ்டா ரேமையெல்லாம் விழுங்குகிறது என்ற பேச்சு எங்கும் பரவியது. அடுத்து வந்த விண்டோஸ் 7-ல் கிடைக்கக்கூடிய நினைவகம் என்று தனி வரி சேர்ந்தது.

செயலியின் உழைப்பைச் சொல்லும் சதவீதத்தின் கதை இதைவிடச் சற்றே எளியது. டாஸ்க் மேனேஜரின் விவரப் பட்டியலில் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' என்ற பெயருக்கு நேராகத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று நிற்பதைக் கண்டு, ஏதோ ஒரு கள்ள நிரல் தம் கணினியை உறிஞ்சுவதாக எண்ணி அதை நிறுத்த முயன்றவர்கள் அநேகர். அது செயலி சும்மா இருக்கும் நேரத்தின் அளவு. பெயர் தெரிந்தவருக்குத் தெளிவு, தெரியாதவருக்குத் திகில். லினக்ஸின் டாப் நிரலில் ஒரே நிரல் 400 சதவீதம் உழைப்பதாகக் காட்டக்கூடும். செயலியின் 'கோர்' என்னும் ஒரு முழுக் கருவை நூறு என்று கொண்டு நான்கு கருக்களின் உழைப்பை அது கூட்டிச் சொல்கிறது. வேண்டுமானால் மொத்தக் கணினியையும் நூறாகக் கொள்ளும் முறைக்கு ஒரே விசையில் மாற்றிக்கொள்ள அதிலேயே வழியும் உண்டு.

விண்டோஸில் சிக்கல் வேறு விதமானது. விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரின் முதற்பக்கம், செயலி எவ்வளவு வேகத்தில் ஓடியது என்பதையும் சேர்த்து உழைப்பைக் கணித்தது. விவரப் பக்கமோ எவ்வளவு நேரம் ஓடியது என்பதை மட்டும் பார்த்தது. ஒரே நிரலுக்கு ஒரே கணத்தில் ஒரு பக்கத்தில் ஓர் எண், மறு பக்கத்தில் வேறோர் எண். ஒரே குடும்பத்து வரவுசெலவை இரண்டு கணக்குப்பிள்ளைகள் இரண்டு விதமாக எழுதினால் வீட்டுக்காரர் யாரை நம்புவார்? 2025-ல்தான் மைக்ரோசாஃப்ட் எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவுகோலைக் கொண்டுவந்தது. பழைய அளவு வேண்டுவோருக்காக அதைத் தனிப் பத்தியாகவும் வைத்தது. மாற்றம் வேண்டியவரையும் பழையதோடு பழகியவரையும் ஒருங்கே மதித்த செயல் இது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பின், டாஸ்க் மேனேஜரின் சாளரத்தை மூடினாலும் அது மூடாமல் பின்னணியில் ஓடிக்கொண்டேயிருக்க, திறக்கத் திறக்க ஒன்றின் மேல் ஒன்றாகப் பிரதிகள் பெருகின. கணினியின் சுமையைக் காட்ட வேண்டியது தானே சுமையாகிவிட்ட இந்தப் பிழை, உபயோகிப்பவர்கள் கண்டு சொன்னதன் பிறகு திருத்தப்பட்டது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-ல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் செயலிகள் சந்தைக்கு வந்தபோது, 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகிய வகைகளை வாங்கியவர்கள், பெரிய விசிறி பொருத்தியும் வெப்பமானி நிரல்கள் பயப்படத்தக்க எண்களைக் காட்டுவதாக முறையிட்டார்கள். திரை காட்டிய எண்ணும் விசிறியும் அவர்கள் சொன்னபடியே இருந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் நிறுவனம் விளக்கம் அளித்தது: விசிறியின் வேகம் எல்லா வகைகளிலும் ஒரே நியதிப்படி அமைய வேண்டும் என்பதற்காக, இவ்வகைச் செயலிகள் வெளியே அறிவிக்கும் வெப்பநிலை, உள்ளே இருக்கும் உண்மையான வெப்பநிலையைவிட 20 டிகிரி கூடுதலாகவே வைக்கப்பட்டிருந்தது. இதை அறிந்த பின்னரே கண்காணிப்பு நிரல்கள் இருபதைக் கழித்துக் காட்டத் தொடங்கின. அதற்கு முன் இன்டெல் செயலிகளிலும் இதுபோல ஒரு தர்மசங்கடம் இருந்தது. அவற்றின் உணர்வி வெப்பத்தை நேராகச் சொல்லாமல், உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி தூரம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உச்ச வரம்பு எது என்பதை நிரல் எழுதுபவர்கள் ஊகம் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே ஒரே செயலிக்கு இரண்டு நிரல்கள் இரண்டு வெப்பநிலை காட்டின. பிழையற்ற கணக்கும் தவறான ஆதாரத்தின் மேல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி.

இனி வரைபடங்களுக்கு வருவோம். என் அபிப்பிராயத்தில், மனிதர்களை மிக மென்மையாக ஏமாற்றுவது இவையே. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கணினிகள் 64 கிலோபிட் வேகமுள்ள ஒரே இணைப்பைப் பங்கிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்த இணைப்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை எல்லோரும் காணட்டும் என்று டோபியாஸ் ஓட்டிகர் எழுதி, 1995-ல் வெளியிட்ட 'எம்.ஆர்.டி.ஜி.' என்னும் நிரல், உலகெங்கும் வலையமைப்பு அலுவலகங்களின் சுவர்களை அலங்கரித்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து நாள் வரைபடம் வரையும்; வார வரைபடத்துக்கு அரை மணிச் சராசரி, மாதத்துக்கு இரண்டு மணிச் சராசரி, வருஷத்துக்கு ஒரு நாள் சராசரி என்று சுருக்கிக்கொண்டே போகும். இதனால் பழைய கணக்கு எவ்வளவு சேர்ந்தாலும் கோப்பு பெருகுவதில்லை. மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நூற்றுக்குப் பத்து அளவில் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இணைப்பு, காலையில் ஐந்து நிமிஷம் மட்டும் தொண்ணூறுக்கு ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாள் வரைபடத்தில் அது தொண்ணூறாக, கோபுரம்போல் நிற்கும். வார வரைபடத்தில் அதே நிகழ்ச்சி இருபத்து மூன்றாகக் குறுகும். மாத வரைபடத்தில் பதின்மூன்று. வருஷ வரைபடத்தில் பத்தேகாலுக்குச் சற்று மேல், அதாவது ஒன்றுமே நடவாததுபோல. நேற்று இருந்த சிகரம் இன்று எங்கே என்று கேட்டவர்களின் கேள்வியில் யாதொரு அறியாமையும் இல்லை. தினமும் காலையில் இணைப்பு திணறுகிறது என்று ஓர் அலுவலகத்துச் சிப்பந்திகள் சொல்ல, வருஷ வரைபடத்தைப் பார்த்த அதிகாரி அமைதியான கடலைக் கண்டு, நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள் என்று சொன்னால், அந்த அநியாயத்துக்குச் சராசரியே கருவி. எம்.ஆர்.டி.ஜி.யில் உச்ச அளவையும் சேர்த்து வரையும் வசதி இருக்கிறது. அதை வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால்தான் வரும். சராசரிக்குப் பக்கத்தில் உச்சத்தையும் கேட்காமலே காட்டுவதுதான் நியாயமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணும் பெட்டியின் கொள்ளளவு போதாமல் வந்த பிழைகள் தனி வகை. வலையமைப்புக் கருவிகளில் போக்குவரத்தை எண்ணிய பழைய எண்ணி 32 பிட் அளவுள்ளது. 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 வரை எண்ணிவிட்டு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், வாகனத்தில் ஓடிய தூரம் காட்டும் எண்கள் ஒன்பதுகள் முடிந்ததும் சுழன்று நிற்பதுபோல. முழுவீச்சில் ஓடும் 100 மெகாபிட் இணைப்பில் அது ஐந்தே முக்கால் நிமிஷத்தில் நிரம்பும். ஆகவே ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறவருக்குக் கணக்கு தப்பாது. இணைப்பு ஒரு கிகாபிட்டாக உயர்ந்தபோதோ முப்பத்து நான்கு விநாடியில் நிரம்பித் திரும்பிவிட்டது. இரண்டு பார்வைகளுக்கு இடையில் எட்டு முறை சுழன்றதை அறியாத நிரல், நெரிசல் மிக்க இணைப்பைக் காலி இணைப்பாக வரைந்தது. வேகமான இணைப்பு வாங்கினோம், வரைபடம் மட்டும் தாழ்ந்துவிட்டதே என்று கேட்டவர்களுக்கு 64 பிட் எண்ணியே விடையாயிற்று. இதன் உடன்பிறப்புத்தான் 497 நாள் பிழை. விநாடிக்கு நூறு துடிப்பு என்று 32 பிட்டில் எண்ணினால் 497 நாளில் நிரம்பிவிடும் என்பதால், பழைய லினக்ஸ் இயந்திரங்கள் ஒன்றே கால் வருஷத்துக்கு மேல் நிற்காமல் உழைத்த பின்பு, தாம் இன்றுதான் பிறந்ததாகத் திரையில் அறிவித்தன. நள்ளிரவில் சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்டது என்று பதறிக் காரணம் தேடியவர்கள், நடவாத ஒரு நிகழ்ச்சிக்குக் காரணம் தேடினார்கள்.

முறையீட்டுக்குத் தவறான விதத்தில் பதில் சொன்னதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2016-ன் இறுதியில், ஆப்பிளின் புதிய மேக்புக் ப்ரோ வாங்கியவர்கள் பாட்டரி வாக்களித்த நேரம் நிற்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டபோது, மதிப்பீடு துல்லியமாக இல்லை என்று சொல்லி, இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் காட்டிய வரியையே அந்த டிசம்பரில் நிறுவனம் மெனுவிலிருந்து எடுத்துவிட்டது. அந்த மதிப்பீடு உண்மையிலேயே மேலும் கீழும் தாவக்கூடியதுதான். ஆனாலும் நாடி சரியாகப் பேசவில்லை என்று சொன்னவரிடம், இனி நாடியே பார்க்க வேண்டாம் என்று சொல்லுவது வைத்தியமாகாது. நினைவகக் கணக்கில் லினக்ஸ் செய்ததுபோல, சரியான எண்ணைத் தேடிக் கொடுத்திருக்க வேண்டும்.

எண்ணையும் வரைபடத்தையும் தவிர, எழுத்தும் நிறமும் இருக்கின்றன. நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம் இது. டாப், எச்டாப் முதலிய நிரல்கள் ஓடும் டெர்மினல் என்னும் கறுப்புத் திரை, சம அளவுள்ள கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. ஒரு கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து என்பது அதன் பூர்வீக ஏற்பாடு. தமிழில் 'கொ' என்ற ஓரெழுத்து, யூனிகோடில் இரண்டு குறிகளாகச் சேமிக்கப்பட்டு, கண்ணுக்கு மூன்று உருவங்களாக விரிகிறது. அது எத்தனை கட்டம் கொள்ளும் என்பதில் நிரல் ஒன்றும் டெர்மினல் ஒன்றுமாக எண்ணிக்கொண்டால், தமிழ்ப் பெயருள்ள கோப்பு இடம்பெறும் வரியில் அதற்கு வலப்புறம் இருப்பவை எல்லாம் இடம் பெயர்ந்து, ஒரு பத்தியின் எண் மற்றொரு பத்தியின் கீழே போய் நிற்கும். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கும் நம்மைப் போன்றவர்களின் கண்ணில்தான் இது படும். நாம் சொல்லாவிட்டால் பிரேசிலிலும் ஜெர்மனியிலும் இருக்கும் நிரலாளருக்கு இது எக்காலத்திலும் தெரியப்போவதில்லை. நிறத்தின் விஷயமும் இவ்வாறே. பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் ஆபத்து என்று வகுத்துவிடுவது எளிது. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் ஏறக்குறையப் பன்னிரண்டில் ஒருவருக்கு அவ்விரண்டையும் பிரித்தறிவதில் ஏதோ ஓர் அளவு இடர்ப்பாடு உண்டு. நிறத்தோடு ஒரு வடிவத்தையோ சொல்லையோ சேர்த்துக் காட்டுங்கள் என்று கேட்பதை ஆடம்பரமான கோரிக்கை என்று எவரும் தள்ளக்கூடாது.

தவறாகக் காட்டும் திரையைவிடக் கொடியது, காட்டுவதை நிறுத்திவிட்டு நிறுத்தியதைச் சொல்லாத திரை. 2003 ஆகஸ்ட் 14-ந் தேதி பிற்பகல் 2.14 மணிக்கு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஃபர்ஸ்ட்எனர்ஜி என்னும் மின்சார நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், அபாய அறிவிப்புகளைத் தரும் மென்பொருள், இரண்டு வேலைகள் ஒரே தகவலை ஒரே நேரத்தில் தொட முயன்றதால் ஸ்தம்பித்துவிட்டது. அபாய மணி ஒலிக்கவில்லை. ஒலிக்காது என்பதைத் தெரிவிக்கும் குறியும் எழவில்லை. சிறிது நேரத்தில் பிரதான சர்வரும் அதற்குத் துணையாக இருந்த சர்வரும் அடுத்தடுத்து விழுந்தன. ஓரிரு விநாடிகளில் புதுப்பிக்கப்பட வேண்டிய திரை, ஏறக்குறைய ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டது. கணினிப் பிரிவினருக்குத் தானியங்கித் தகவல் சென்றது. அவர்கள் சர்வரை மறுபடி இயக்கினார்கள். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் அபாய அறிவிப்பு சரியாக வருகிறதா என்று கேட்கவில்லை. 3.05, 3.32, 3.41 மணிகளில் மூன்று பெரிய மின்பாதைகள் மரக்கிளைகளில் பட்டுச் செயலிழந்தன. அவ்வேளையில் அண்டை நிறுவனங்களிலிருந்தும் வாடிக்கையாளர்களிடமிருந்தும் அந்த அறைக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தவண்ணம் இருந்தன. ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். எங்கள் திரையில் அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்பதே உள்ளே இருந்தவர்களின் நிலை. 4.13 மணிக்குள் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக ஐந்து கோடி மக்கள் மின்சாரமின்றி நின்றார்கள்.

பராமரிக்கப்படாத மரங்கள் முதலிய வேறு காரணங்களும் அந்த இருளுக்கு உண்டு. ஆயினும், திரை ஒன்றைச் சொல்லி, மனிதர்கள் வேறொன்றைச் சொல்லும்போது, திரையை நம்பி மனிதர்களைச் சந்தேகிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த ஒரு பிற்பகல் காட்டுகிறது. நான் கண்காணிப்பு நிரல் எழுதுகிறவனாக இருந்தால், கடைசியாகத் தகவல் வந்த நேரத்தை ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் எழுதிவைப்பேன். தகவல் வராமல் போனால் அந்த எண்ணை மங்கச் செய்வேன்.

முறையீடு செய்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த நிரலாளரும் எதையும் கண்டுபிடிக்க இயலாது. நிரலின் பதிப்பு எண், இயங்குதளம், திரை காட்டியது என்ன, நீங்கள் எதிர்பார்த்தது என்ன, எந்த ஆதாரத்தால் அப்படி எதிர்பார்த்தீர்கள் என்பவை இருந்தால் போதும். ஒரு ஸ்கிரீன்ஷாட் கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த நிரல்களில் பலவற்றைக் கட்டிக்காப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எச்டாப்பை எழுதியவரால் அதைத் தொடர்ந்து கவனிக்க இயலாமற்போன காலத்தில், அதை உபயோகித்துவந்தவர்களிலேயே சிலர் ஒன்றுகூடி, தேங்கிக் கிடந்த திருத்தங்களைச் சேர்த்து, 2020 ஆகஸ்டில் 3.0 பதிப்பை வெளியிட்டார்கள். முறையீடு எழுதிய கைகளே பின்னர் நிரலையும் எழுதின.

ஆகவே வாசகர்களிடம் நான் வேண்டுவது இதுதான். உங்கள் கணினியோ கைப்பேசியோ காட்டும் ஓர் எண் உங்கள் அனுபவத்தோடு ஒத்துவரவில்லையானால், நமக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணி அந்தச் சாளரத்தை மூடிவிடாதீர்கள். முன்பே எவரேனும் அதைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு படம் பிடித்து, நான்கு வரி எழுதி, அந்த நிரலை எழுதியவர்களுக்கு இன்றே அனுப்புங்கள்.